பல்லும் இனமும் கப்பலும்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வாய் நல வரலாறு

'பல்லுப் போனா சொல்லுப் போச்சு' என்பார்கள் நம்ம ஊர்ப் பெரியவர்கள். தீவில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பழமொழியோடு இன்னொன்றும் சேர்ந்தே பழக்கம். பல்லுவலி என்று பிள்ளை அழுதால் பாட்டி கிராம்பை நசுக்கிப் பல்லிடுக்கில் வைத்துவிட்டு, "பொறுத்துக்கடா, கப்பல் வரட்டும்" என்பாள். கப்பல் வந்தால்தான் அரிசி வரும், கடிதம் வரும், மருந்து வரும். வெளித்தீவில் இருப்பவனுக்குப் பல் பிடுங்க வேண்டுமென்றாலும் கப்பல்தான். பல்லுவலியால் மனிதன் சாக மாட்டான் என்ற நினைப்பில் எத்தனையோ பேர் கன்னம் வீங்கித் துறைமுகத்தில் காத்துக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்தச் சின்ன வலியின் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. தீவு மக்களின் பல்லை உலகம் ஒரு காலத்தில் மிகுந்த அக்கறையோடு கவனித்தது. ஆனால் அது வைத்தியம் பார்க்க வந்த அக்கறை அன்று. அளந்து பார்க்க வந்த அக்கறை. அந்தக் கதையில் தொடங்கி, பல் மருத்துவம் யார் படித்தார்கள், யாருக்குப் படிக்க வழி கிடைக்கவில்லை என்பது வரை சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழர்களாகிய நாம் இதில் எங்கே நிற்கிறோம் என்பதும் போகப் போகத் தெரியும்.

அளவுகோலோடு வந்தவர்கள்

1857 கிளர்ச்சிக்குப் பின், கைதிகளை அடைக்க இடம் தேடி ஆங்கில அரசு ஒரு குழுவை அந்தமானுக்கு அனுப்பியது. அதன் தலைவர் பிரெடரிக் மௌவாட், ஒரு மருத்துவர். 1858 மார்ச்சில் கைதிக் குடியிருப்பு தொடங்கியபோது அதன் முதல் கண்காணிப்பாளராக வந்த ஜே.பி. வாக்கரும் மருத்துவர்தான்; ஆக்ரா சிறையை நடத்திப் பழகியவர். மௌவாட் குழு ஓர் அந்தமானியரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டு போயிற்று. அவருக்கு 'ஜாக் அந்தமான்' என்று பெயரிட்டு ஊரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர் நோயில் விழவே, திரும்பக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். வந்தவர்கள் இருவரும் மருத்துவர்களாக இருந்தும், தீவுக்காரனுக்கும் மருத்துவத்துக்கும் ஏற்பட்ட முதல் உறவு இப்படித்தான் அமைந்தது.

பிறகு எலும்புகள் கப்பலேறின. லண்டனில் அன்று புகழ்பெற்றிருந்த உடற்கூற்று அறிஞர் ரிச்சர்டு ஓவன், அந்தமானியர் ஒருவரின் எலும்புக்கூட்டை ஆராய்ந்து 1861இல் பேசினார். அந்தமான் பழங்குடிகளின் எலும்பமைப்பும் பல்லமைப்பும் பற்றிய அவருடைய கட்டுரை 1863இல் அச்சானது. தலைப்பிலேயே பல் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பல்லை வைத்து இவர்கள் மனித குலத்தின் எந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள் என்று கண்டுபிடிப்பதே அவர் நோக்கம்.

ஓவனுக்குப் பிறகு வந்தவர் வில்லியம் ஹென்றி பிளவர். லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்து, 1884இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநரானவர். இவர் 1879இல் அந்தமானியரின் எலும்புகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1885இல், பல்லின் அளவை இனத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா என்று இன்னொன்று எழுதினார். அதில் 'பல் குறியீடு' என்று ஒரு கணக்கு வருகிறது. மேல்தாடையின் முன்கடைவாய்ப் பல்லிலிருந்து கடைசிக் கடைவாய்ப் பல் வரை உள்ள நீளத்தை, மண்டையோட்டின் அடியிலிருந்து மூக்குத் தண்டின் வேர் வரை உள்ள நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். விடை 42க்குக் கீழே வந்தால் சிறுபல் இனம்; 42 முதல் 44 வரை நடுத்தரப் பல் இனம்; 44க்கு மேலே போனால் பெரும்பல் இனம்.

பெரும்பல் வரிசையில் ஆஸ்திரேலியப் பழங்குடிகள், தாஸ்மானியர், மெலனீசியர் ஆகியோரோடு அந்தமானியரையும் உட்கார வைத்தார் பிளவர். சிறுபல் வரிசையில் ஐரோப்பியர், பழைய எகிப்தியர், பாலினீசியர் இருந்தார்கள். அதே வரிசையில் இன்னொரு கூட்டமும் இருந்தது: 'மத்திய, தென்னிந்தியாவின் தாழ்ந்த சாதியார்'. நம் பாட்டன் பூட்டன்மார்களின் மண்டையோடுகளும் லண்டன் அலமாரியில் இருந்திருக்கின்றன என்பதுதான் இதற்குப் பொருள். பல் கணக்கில் வெள்ளைக்காரத் துரையும், அவர் வீட்டு வாசலில் நிற்க அனுமதி இல்லாத நம்மவரும் ஒரே பந்தியில்! இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் துரை யாரையும் பந்திக்கு அழைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமமும் உண்டு. பின்னத்தில் கீழே உள்ள எண் சிறிதானால் விடை பெரிதாகும். இது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அந்தமானியர் உடலால் சிறியவர்கள், மண்டையோடும் சிறியது. பல் அசாதாரணமாகப் பெரிதாக இல்லாவிட்டாலும் குறியீடு உயரத்தான் செய்யும். உயரம் குறைந்த மனிதரைக் கணக்கு 'பெரும்பல்லர்' ஆக்கிவிடும். இனம் என்று எண்ணில் தெரிந்ததில் ஒரு பங்கு வகுத்தலின் வேலை.

லண்டனில் இந்த அளவை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? 1863இல் தொடங்கிய 'அந்தமான் இல்லங்கள்' என்ற ஏற்பாட்டில் பழங்குடிகளைக் கொண்டுவந்து தங்க வைத்தார்கள். மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்து கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. கைதிக் குடியிருப்பு தொடங்கிய காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். இவர்களுடைய பல்லின் நீளம் மில்லிமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. அந்தப் பல்லுக்கு வலி வந்தபோது யார் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல அப்படி ஒரு பதிவேடு இல்லை.

பாக்கும் சுண்ணாம்பும்

தெற்கே நிக்கோபாரில் கதை வேறு. நிக்கோபாரியருக்கும் நமக்கும் ஒரு பொதுப் பழக்கம் உண்டு, வெற்றிலை பாக்கு. சிப்பியையும் பவளத்தையும் சுட்டெடுத்த சுண்ணாம்போடு அவர்கள் பாக்கை மெல்லுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே போன ஐரோப்பியர்கள், இவர்களுடைய பல்லின் மேல் கருப்பாகக் காரை தடித்துப் படிந்து உதட்டையே முன்னே தள்ளுகிறது என்று எழுதினார்கள். சிலர் அதை அந்த மக்களின் இயற்கை லட்சணம் போலவே வருணித்தார்கள்.

பல் மருத்துவம் படித்த எவரும் இன்று இதை வேறு மாதிரி சொல்வார். பல்லில் படியும் அழுக்கு நாளாவட்டத்தில் கெட்டியாகிப் பற்காரை ஆகிறது. சுண்ணாம்பும் பாக்கின் சாயமும் சேர்ந்தால் அது தடித்துக் கறுக்கும். காரை ஈறுக்குள் இறங்கினால் ஈறு விலகும், பல் ஆடும். இது சென்னையிலும் நடக்கும், சிங்கப்பூரிலும் நடக்கும். நம் பாட்டிமார்கள் பலருடைய பல்லும் கறுத்துத்தான் இருந்தது; அதற்காக அவர்களைத் தனி இனம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பாக்கு விஷயத்தில் புலம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. 1952இல் ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், ஆப்பிரிக்காவில் கென்யாவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஒரு புது நோயைக் கண்டார். வாயின் உட்பக்கம் வெளுத்து, நார் பாய்ந்து இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகிறது. காரணம் தெரியாத நோய் என்றே அவர் பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் இதே நோயை இந்தியாவில் விவரித்தார். இந்தியருக்கே அதிகம் வருகிறதே, ரத்தத்தில் ஏதாவது இருக்குமோ என்ற யோசனையும் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பாக்கைக் காட்டின. கென்யாவுக்குப் போன பெண்களின் ரத்தத்தைவிட அவர்கள் கூடவே எடுத்துப்போன சுருக்குப் பையில்தான் காரணம் இருந்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் கூடி ஆராய்ந்து 2004இல் வெளியிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து என்று 1985இலேயே சொல்லியிருந்தது.

இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் கோபப்பட வேண்டாம். தாம்பூலம் மரியாதைக்குரியது, மறுக்கவில்லை. தட்டில் வைப்பது வேறு, நாள் முழுக்க கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. இனிப்புப் பாக்குப் பொட்டலத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

பிஸ்கட் வந்த வழி

பழக்கம் கப்பலில் வருகிறது என்பதற்கு நம் கண்முன்னே நடந்த உதாரணம் ஜாரவாக்கள். தேனும் காட்டுப்பன்றியும் மீனும் கிழங்கும் தின்று காட்டுக்குள் வாழ்ந்தவர்கள், 1990களின் பிற்பகுதியில் வெளியே வரத் தொடங்கினார்கள். அந்தமான் பெருஞ்சாலை அவர்கள் காட்டின் ஊடே போகிறது. வண்டியில் போனவர்கள் பிஸ்கட் எறிந்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், பான், புகையிலையும் கொடுத்தார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியபோது, 1877 திரும்பி வந்துவிடுமோ என்று பயந்தோம். மருத்துவர் ரத்தன் சந்திர கர் போன்றவர்கள் காட்டுக்குள் போய்ப் பழகி வைத்தியம் பார்த்ததில் அந்த ஆபத்து நீங்கியது. அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சாலையை அந்தப் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டும் வண்டிகள் ஓடின. அந்த வண்டிகளின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவர்களில் நாமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த நம் உறவினர்களும் உண்டு. பிஸ்கட் கொடுத்தது பாசம் என்றே நினைத்தோம்.

2004 டிசம்பர் 26 சுனாமி நிக்கோபாரின் தென்னந்தோப்புகளையும் தாழம்பழத் தோப்புகளையும் பன்றிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம் மக்கள் 1970களில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேறிய கச்சால் தீவும் பலத்த அடி வாங்கியது. நிவாரணமாக அரிசி, பருப்பு, சர்க்கரை வந்தது. வந்ததைத்தான் தின்ன முடியும். பல் சொத்தையின் கணக்கு உலகெங்கும் ஒன்றுதான்: வாயில் உள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது, அமிலம் பல்லின் மேலோட்டை அரிக்கிறது. எத்தனை தடவை இனிப்பு வாயில் படுகிறது என்பதுதான் முக்கியம். பல்லுக்குச் சொந்தக்காரன் எந்த இனம் என்று கிருமி கேட்பதில்லை.

அப்படியானால் இனத்துக்கும் வாய் நலத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஆனால் அது பல்லுக்குள்ளே இல்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலும், மருத்துவக் கல்லூரியின் வாசலிலும் இருக்கிறது.

பல் மருத்துவம் படித்தவர்கள்

அமெரிக்காவிலிருந்து தொடங்கினால் விஷயம் தெளிவாகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பள்ளி 1867இல் தொடங்கியது. 1869இல் வெளிவந்த முதல் வகுப்பிலேயே ராபர்ட் டானர் பிரீமன் என்ற கறுப்பின இளைஞர் பட்டம் பெற்றார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஆனால் அவருக்குப் பின்னால் கதவு அகலத் திறந்துவிடவில்லை. 1881இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும் 1886இல் மெஹாரியிலும் பல் மருத்துவப் பிரிவுகள் தொடங்கிய பிறகு, கறுப்பினப் பல் மருத்துவர்களில் பெரும்பான்மையோர் பல பத்தாண்டுகள் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வந்தார்கள். இன்றைக்கும் அந்நாட்டு மக்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 13 சதவீதம். பல் மருத்துவர்களில் ஏறக்குறைய 4 சதவீதம். மருத்துவர் இல்லாத தெருவில் நோய் மிகுதியாக இருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920இல் தொடங்கியவர் ரபியுதீன் அகமது. அமெரிக்காவின் அயோவாவில் படித்துத் திரும்பியவர். அரசாங்கம் தொடங்கிக் கொடுத்த கல்லூரி அல்ல அது. ஒரு தனிமனிதர் தன் சம்பாத்தியத்தைப் போட்டு நடத்தியது. பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. சென்னையில் 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. பின்னாளில் அதுவே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

கல்கத்தா, சென்னை: இரண்டும் போர்ட் பிளேருக்குக் கப்பல் புறப்படும் ஊர்கள். கப்பல் கைதியைக் கொண்டுவந்தது, கூலியைக் கொண்டுவந்தது, குடியேறியவரைக் கொண்டுவந்தது. கல்லூரியை மட்டும் கொண்டுவரவில்லை.

சென்னையில் யார் மருத்துவம் படிக்கலாம் என்பதற்கே ஒரு நெடுங்கதை உண்டு. மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைகள் 1920களில் வந்தன. அதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் திறந்த வழியில்தான் ஆயிரமாயிரம் குடும்பங்களில் முதல் மருத்துவர், முதல் பல் மருத்துவர் உருவானார்கள். 2020இல் தமிழ்நாடு இன்னொரு சட்டம் செய்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆட்டோ ஓட்டுபவர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் வெள்ளைக் கோட்டுப் போட்டார்கள்.

தீவில் என்ன கேட்கிறார்கள்?

இந்த வரலாற்றோடு கப்பலேறி இங்கே வந்த தமிழனுக்கு என்ன ஆயிற்று? இதுதான் நம் குடும்பங்களைத் தொடும் இடம்.

2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். பட்டியல் பழங்குடிகள் 28,530 பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபாரியர். இங்கே பழங்குடிப் பட்டியல் 1959 ஆணையால் வந்தது. ஆனால் பட்டியல் சாதி என்று ஒரு பட்டியலே தீவுகளுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருந்த குடும்பம் சாத்தம் மர ஆலையில் மரம் தூக்கியிருக்கலாம், பொதுப்பணித் துறையில் கல் உடைத்திருக்கலாம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் கால் வைத்ததுமே தீவுக் கணக்கில் அது பொதுப்பிரிவு. தெருவில் சாதி போய்விட்டதா என்றால், கல்யாணப் பேச்சு வரும்போது தெரியும். சான்றிதழில் மட்டும் போய்விட்டது.

இது தீவின் தனிக்கதையும் அல்ல. ஆந்திரத்துப் பழங்குடி மாணவர் ஒருவர் பம்பாயில் வளர்ந்து, அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்ட வழக்கில், ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. பம்பாயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சொந்த மாநிலத்தில் உரிமை அப்படியே இருக்கிறது என்பார்கள். அங்கே போய்க் கேட்டால், நீ இங்கே படித்தாயா, இருப்பிடச் சான்று எங்கே என்பார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் பிள்ளை நிற்கும்.

இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தீவில் உண்டு. 1942க்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள், கரேன்கள், பாந்துகள், மாப்பிளாக்கள் போன்றோர் அதில் வருவார்கள். நாடு கடத்தப்பட்டும், கொண்டுவந்து குடியேற்றப்பட்டும் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் விஷயத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 'என்ன சாதி?' என்ற கேள்வி. இங்கே 'எந்த வருஷத்துக் கப்பல்?' என்ற கேள்வி. பிற்காலத்தில் தானாக வேலை தேடி வந்த பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு கேள்விக்கும் செல்லுபடியாகும் பதில் இல்லை.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 2015இல் மருத்துவக் கல்லூரி வந்தது, தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 இடங்கள். அது பெரிய மாற்றம். பல் மருத்துவக் கல்லூரி இல்லை. நாட்டில் 300க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார், அவற்றிலும் மிகுதி தென்மாநிலங்களில். தீவுப் பிள்ளை பல் மருத்துவம் படிக்க வேண்டுமானால் மத்தியத் தொகுப்பிலிருந்து தீவுக்கு ஒதுக்கப்படும் சில இடங்களை நம்ப வேண்டும். இல்லையென்றால் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும். 2016 முதல் நீட் தேர்வும் உண்டு. பயிற்சி மையம் நிறைந்த சென்னைப் பிள்ளையோடு, வலை இணைப்பு பல ஆண்டுகள் தட்டுத் தடுமாறிய கச்சால் பிள்ளையும் நன்கௌரிப் பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். நம் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மொழிச் சுமை வேறு.

படித்து முடித்தவர் திரும்பி வருவாரா என்பது அடுத்த கேள்வி. சென்னையிலிருந்து வரும் மருத்துவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப நினைப்பது இயல்பு. குறை சொல்ல மாட்டேன். அந்தத் தீவிலேயே பிறந்தவர், நிக்கோபாரி பேசத் தெரிந்தவர், வாயைத் திற என்று சொல்லும்போது குழந்தை பயப்படாமல் திறக்கும். ஈறு புண்ணுக்குக் காரணம் பாக்கு என்று அவர் சொன்னால் அம்மா கேட்பாள். வெளியாள் சொன்னால் தன் பழக்கத்தை இழிவு செய்வதாகத்தான் தோன்றும். நூறு வருஷமாக வெளியாட்கள் அந்தப் பல்லைப் பற்றி எழுதியது அப்படித்தானே?

ஒரு தமிழ் ஆசிரியர்

இங்கே நம் பெருமைக்குரிய ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் போனார். சமய ஆசிரியர், அரசாங்கத்தின் முகவராகவும் இருந்தார். அங்கே நிக்கோபாரிச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர் மேற்படிப்புக்குப் பர்மாவில் மாண்டலேக்குப் போனார். கடல் தாண்டிப் படித்த அந்தப் பையன் 1912இல் ஊர் திரும்பி ஆசிரியரானார். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். 1952இல் தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவர், 1966இல் அந்தமான் நிக்கோபாரின் முதல் பேராயரானவர். இன்று கார் நிக்கோபாரில் உள்ள மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

ஐரோப்பிய அறிஞர்கள் தீவு மனிதர்களின் மண்டையோட்டை அளந்துகொண்டிருந்த தலைமுறையில், ஒரு தமிழ் வாத்தியார் அதே தீவு மக்களின் பிள்ளைகள் கையில் சிலேட்டைக் கொடுத்தார். அளந்தவர்களின் எண்கள் அலமாரியில் இருக்கின்றன. சிலேட்டுப் பிடித்த பையன் தன் மக்களையே தலைநிமிர வைத்தான்.

நம் சங்கம் செய்யக் கூடியது

பல் மருத்துவக் கல்லூரியோ பல் மருத்துவப் பிரிவோ தீவுக்கு வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. 2014-15இல் தொடங்கிய தேசிய வாய் நலத் திட்டத்தின் பலன் வெளித்தீவு வரை போய்ச் சேர்கிறதா என்று கேட்பதும் உரிமை. கேட்கும்போது தமிழருக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. நமக்குச் சான்றிதழ் இல்லை என்ற வருத்தம் நியாயமானது. நிக்கோபாரிப் பிள்ளையின் இடத்தைப் பார்த்துப் பொருமினால் அந்த நியாயம் கெட்டுவிடும். தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டின் அருமை தெரிந்த சமூகம் நாம். இங்கே வந்து அதை மறக்கலாமா?

உரிமை கேட்பதோடு, கையில் உள்ளதைச் செய்யவும் வழி உண்டு. சென்னையில் நம் உறவினர் இல்லாத தீவுத் தமிழ்க் குடும்பம் இல்லை. தீவிலிருந்து படிக்க வரும் பிள்ளை, தமிழோ நிக்கோபாரியோ ராஞ்சிக்காரரோ, கலந்தாய்வு நாளில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கித் திகைத்து நிற்கிறது. அதற்கு நாலு நாள் தங்க இடமும், விண்ணப்பம் நிரப்ப ஒரு துணையும், கல்லூரி வாசல் வரை ஒரு ஆளும் இருந்தால் போதும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மனசு வேண்டும். விடுமுறைக்கு வரும் நம் பல் மருத்துவப் பிள்ளைகள் இரண்டு நாள் வெளித்தீவுப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்த்து, பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். அந்தப் பள்ளி வாசல் கடையில் இனிப்புப் பாக்கு விற்பது நம்மவராக இருந்தால், உரிமையோடு ஒரு வார்த்தை சொல்லலாம்.

கப்பல் வரட்டும் என்று பாட்டி சொன்னபோது, கப்பல் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. ரிச்சர்ட்சனைப் போல ஒரு தீவுப் பிள்ளை, பல் மருத்துவம் படித்துவிட்டு அந்தக் கப்பலிலிருந்து பெட்டியோடு இறங்கும் நாளை நாமும் எதிர்பார்ப்போம். அன்றைக்குத் துறைமுகத்தில் கன்னம் வீங்கிக் காத்திருப்பவர் வேறு கப்பல் ஏற வேண்டியிருக்காது.